நீராவியும் நீரும்: ஆலைக் குழாய்களில் ஒரு பாடம்

சென்ற பொங்கல் விழாவில் சாப்பாட்டுப் பந்தி முடிந்து கை கழுவும் இடத்தில் நமது சங்கத்துத் தம்பி ஒருவர் என்னைப் பிடித்துக்கொண்டார். டிப்ளமா முடித்துவிட்டு வாபியில் ஒரு ரசாயனத் தொழிற்சாலையில் ஷிப்ட் மேற்பார்வையாளராகச் சேர்ந்து நான்கு மாதங்கள் ஆகின்றன. "சார், காலையிலே லைன் திறக்கும்போது குழாய் டம் டம்முனு அடிக்குது. ஆபரேட்டர் 'அது எப்பவும் அப்படித்தான்'ங்கிறார். அது என்ன சத்தம் சார்?" என்று கேட்டார்.

நின்றபடியே இரண்டு நிமிடத்தில் சொல்லி முடிக்கக்கூடிய விஷயம் அல்ல அது. அதைவிட, அந்தச் சத்தத்தைப் பற்றிச் சொல்வதென்றால் என்னைப் பற்றியும் ஒன்று சொல்லியாக வேண்டும். ஆகவே மலருக்கு எழுதுகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். சூரத்தில் சாயமேற்றும் ஆலைகளின் பாய்லர் அறைகளில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்தவன் என்ற தகுதியில் இதை எழுதுகிறேன். பாண்டேசரா, சச்சின், வாபி, அங்கலேஷ்வர் என்று நம்மவர் வேலை செய்யும் தொழிற்பேட்டைகளில் நீராவிக் குழாய் இல்லாத ஆலைகள் குறைவு. வேலைக்குப் போகும் பிள்ளைகளும், அவர்களை அனுப்பிவிட்டு வீட்டில் காத்திருக்கும் தாய்மார்களும் படிக்கட்டும் என்று இயன்றவரை எளிமையாகச் சொல்கிறேன்.

இட்லிப் பானையிலிருந்து தொடங்குவோம்

இட்லி வெந்ததும் மூடியைத் திறக்கிறோம். மூடியின் உட்புறம் முழுவதும் நீர்த்துளிகள். கவனமில்லாமல் தூக்கினால் அந்த நீர் இட்லியின் மேல் வடிந்து நசநசவென்று ஆக்கிவிடும். அதனால்தான் நம் வீட்டுப் பெண்கள் மூடியைச் சாய்த்து, நீரைப் பானையின் ஓரமாக வடியவிட்டு எடுக்கிறார்கள். பாடத்தில் பாதி இதிலேயே இருக்கிறது. நீராவி எங்கே வெப்பத்தைக் கொடுக்கிறதோ அங்கே அது நீராகிவிடும். அந்த நீரை வேண்டாத இடத்தில் நிற்கவிடாமல் வடியவிட வேண்டும்.

இப்படி நீராவி குளிர்ந்து உண்டாகும் நீரை ஆலைகளில் கண்டன்சேட் என்கிறோம்.

மாவை வேகவைக்கும் வெப்பம் எங்கிருந்து வருகிறது? பள்ளியில் உள்ளுறை வெப்பம் என்று படித்திருப்போம். 1 கிலோ நீரை 0 டிகிரியிலிருந்து 100 டிகிரி சென்டிகிரேட் வரை சூடாக்க 100 கிலோ கலோரி போதும். அதே 1 கிலோ நீரை, வெப்பநிலை ஒரு டிகிரிகூட ஏறாமல், 100 டிகிரி நீராவியாக மாற்ற மேலும் 540 கிலோ கலோரி வேண்டும். அந்த 540-ம் நீராவிக்குள் ஒளிந்திருக்கிறது. குளிர்ந்த பொருளைத் தொட்டவுடன் அதை அப்படியே கொடுத்துவிட்டு நீராவி நீராகிறது.

கொதிநீர் பட்ட புண்ணைவிட நீராவி பட்ட புண் ஏன் மோசம் என்பதும் இதனால் விளங்கும். 100 டிகிரியில் உள்ள 1 கிராம் கொதிநீர் தோலில் பட்டு 40 டிகிரிக்கு ஆறினால் கொடுப்பது 60 கலோரி. அதே எடை நீராவி பட்டால் முதலில் 540 கலோரி, பிறகு நீராகி ஆறும்போது 60 கலோரி, ஆக 600. பத்து மடங்கு. பாய்லர் அறையில் வேலை செய்கிறவர்கள் இந்தக் கணக்கை மறக்கக் கூடாது.

அழுத்தம் ஏறினால் வெப்பம் ஏறும்

பிரஷர் குக்கரில் பருப்பு சீக்கிரம் வேகிறது. அழுத்தம் கூடினால் நீர் கொதிக்கும் வெப்பநிலையும் கூடுவதே காரணம். ஆலை பாய்லரிலும் அப்படியே. ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 3 கிலோ என்று கேஜில் காட்டினால் நீராவியின் வெப்பநிலை சுமார் 143 டிகிரி. 7 கிலோ என்றால் 170. 10 கிலோ என்றால் 184. ஆனால் உள்ளுறை வெப்பம் இதற்கு எதிராகப் போகிறது. 3 கிலோ அழுத்தத்தில் ஒரு கிலோ நீராவி கொடுப்பது சுமார் 510 கிலோ கலோரி; 7 கிலோவில் 490 தான்.

எனவே நல்ல ஆலையில் நீராவியை அதிக அழுத்தத்தில் கொண்டுசென்று, இயந்திரத்தின் அருகே அழுத்தம் குறைக்கும் வால்வு வைத்து, வேலைக்குத் தேவையான அழுத்தத்துக்கு இறக்கிக் கொடுப்பார்கள். அதிக அழுத்தத்தில் நீராவி கொஞ்சமே இடம் பிடிக்கும். சிறிய குழாய் போதும். இயந்திரத்தில் குறைந்த அழுத்தத்தில் பயன்படுத்தினால் ஒவ்வொரு கிலோவிலும் கூடுதல் வெப்பம் கிடைக்கும். சூரத்தின் பாலியெஸ்டர் துணிக்கு ஜெட் இயந்திரத்தில் 130 டிகிரியில் சாயம் ஏற வேண்டும். அதற்கு எவ்வளவு அழுத்தம் போதும் என்று பார்க்காமல், "பாய்லர் அழுத்தம் முழுதும் கொடு, சீக்கிரம் சூடாகும்" என்று வால்வை முழுக்கத் திறந்து வைப்பது நிலக்கரியை வீணாக்கும் வழி.

குழாய்க்குள் நடப்பது என்ன?

இரவு முழுவதும் மூடிக் கிடந்த 4 அங்குலக் குழாய் ஒன்று, 100 மீட்டர் நீளம் என்று வைத்துக்கொள்வோம். அந்த அளவுக் குழாய் மீட்டருக்குச் சுமார் 16 கிலோ எடை. மொத்தம் 1,600 கிலோ இரும்பு. அதை 30 டிகிரியிலிருந்து 170 டிகிரிக்கு ஏற்ற ஏறக்குறைய 26,000 கிலோ கலோரி வேண்டும். 490 ஆல் வகுத்துப் பாருங்கள்: 53 கிலோ. அதாவது இயந்திரத்துக்கு ஒரு துளி நீராவி போய்ச் சேரும் முன்பே, குழாயைச் சூடாக்குவதிலேயே 50 லிட்டருக்கு மேல் நீர் குழாய்க்குள் உண்டாகிவிடுகிறது. மூன்று குடத்துக்கு மேல் நீர்! அதை ஓர் இடத்தில் சேர்த்தால் 6 மீட்டருக்கு மேல் குழாய் முழுக்க நிரம்பிவிடும்.

இந்த நீர் குழாயின் அடியில் ஓடும். அதன் மேலே நீராவி வினாடிக்கு 25, 30 மீட்டர் வேகத்தில் பாய்கிறது. அது மணிக்கு 90 முதல் 108 கிலோமீட்டர். காற்று ஏரியில் அலை எழுப்புவதுபோல் நீராவி இந்த நீரில் அலை எழுப்புகிறது. குழாய் எங்காவது தொய்ந்திருந்தால் நீர் அங்கே தேங்கும். அலை உயர்ந்து குழாயின் மேற்புறத்தைத் தொட்டுவிட்டால் நீர் ஒரு கட்டையைப் போல் குழாயை அடைத்துக்கொள்ளும். பின்னால் இருக்கும் நீராவி அந்தக் கட்டையைத் தன் வேகத்துக்குத் தள்ளும். பத்து இருபது கிலோ எடையுள்ள நீர்க்கட்டை ரயில் வேகத்தில் போய் முதல் வளைவிலோ மூடிய வால்விலோ மோதினால் என்ன ஆகும்? அதுதான் அந்த டம் என்ற சத்தம். இதை வாட்டர் ஹாமர், நீர்ச் சம்மட்டி என்பார்கள்.

இன்னொரு விதமும் உண்டு. தேங்கிக் கிடக்கும் குளிர்ந்த நீருக்கு இடையில் நீராவி சிக்கிக்கொண்டால் அது நொடியில் நீராகிச் சுருங்கிவிடும். சாதாரண அழுத்தத்தில் நீராவி நீரைப்போல் 1,600 மடங்கு இடம் பிடிப்பது. அந்த இடம் திடீரென்று வெற்றிடமானால் இரு பக்கத்து நீரும் பாய்ந்து வந்து மோதிக்கொள்ளும். இது முதல் வகையைவிட ஆபத்தானது. வால்வைச் சிறிதளவு திறந்திருந்தாலும் நிகழக்கூடியது. ஆகவேதான் நீர் நிற்கும் குழாயில் நீராவியை விடவே கூடாது என்கிறோம்.

1991, லாப பாஞ்சம்

குஜராத்தில் தீபாவளிக்கு மூடும் கடைகளையும் ஆலைகளையும் லாப பாஞ்சம் அன்று திறப்பார்கள் என்பது நம் எல்லோருக்கும் தெரியும். 1991-ல் நான் பாண்டேசராவில் ஓர் ஆலையில் பாய்லர் ஷிப்ட் பார்த்துக்கொண்டிருந்தேன். வயது 26. ஈரோட்டுப் பக்கத்திலிருந்து வந்து நான்கு வருடம் ஆகியிருந்தது. எனக்கு எல்லாம் தெரியும் என்ற நினைப்பு.

எங்களுடன் மேட்டூர்க்காரர் ஒருவர் ஃபிட்டராக இருந்தார். நாற்பது வயது இருக்கும். எல்லோரும் அவரை அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம். ஐந்து நாள் மூடிக் கிடந்த ஆலை. ஒன்பதே கால் மணிக்கு முகூர்த்தம். அந்த நேரத்தில் முதல் இயந்திரம் ஓட வேண்டும் என்று சேட் பூசைத் தட்டுடன் வந்து நின்றுவிட்டார். பாய்லரில் அழுத்தம் ஏறத் தாமதமாகி மணி ஒன்பது ஆகிவிட்டது.

"தம்பி, கொஞ்சம் பொறு. கோடியிலே ரெண்டு டிரெயின் திறக்கணும். திறந்துட்டு வந்து சொல்றேன்" என்று சொல்லிவிட்டு அண்ணன் ஏணியுடன் போனார்.

ஐந்து நிமிடம் பார்த்தேன். ஆலைக்குள்ளிருந்து ஆள் மேல் ஆள் வந்து "ஸ்டீம் எங்கே?" என்றார்கள். முதல் டிரெயினைத் திறந்திருப்பார், அது போதும் என்று நானாக நினைத்துக்கொண்டு மெயின் வால்வைத் திறந்தேன். மெல்லத் திறக்கவில்லை. நான்கைந்து சுற்று ஒரே மூச்சில்.

மூன்று அடி கேட்டது. முதலிரண்டு தூரத்தில். மூன்றாவது அடியில் கட்டடமே அதிர்ந்தது. வால்வை மூடிவிட்டு ஓடினேன். கோடி வளைவில் ஃபிளாஞ்ச் காஸ்கெட் பிய்ந்து நீராவி சீறிக்கொண்டிருந்தது. அண்ணன் ஏணியிலிருந்து குதித்துக் கீழே கிடந்தார். முழங்கையிலிருந்து விரல் வரை வலது கை வெந்துவிட்டது. இரண்டாவது டிரெயின் வால்வு துருப்பிடித்து இறுகியிருந்ததால் அதைத் திருப்பப் போராடிக்கொண்டிருந்தாராம்.

உயிருக்கு ஆபத்தில்லை. ஆனால் மூன்று மாதம் ஆஸ்பத்திரியும் வீடுமாக இருந்தார். இரண்டு விரல்கள் கடைசிவரை மடங்கவில்லை. விசாரணை என்று ஒன்று நடந்தது. பதிவேட்டில் "பழைய காஸ்கெட் பழுதானதால்" என்று எழுதினார்கள். அவரைக் கேட்டபோது அவரும் "ஆமாம், பழைய காஸ்கெட்" என்று சொல்லிவிட்டார். நான் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். வாய் திறக்கவில்லை.

காஸ்கெட் பழையதுதான். ஆனால் பழைய காஸ்கெட் அன்று காலை தானாகப் பிய்யவில்லை.

குழாயை எப்படி அமைக்க வேண்டும்?

அண்ணன் வேலைக்குத் திரும்பியதும் எனக்குப் பாடம் எடுக்க ஆரம்பித்தார். கோபித்துக்கொண்டது கிடையாது. குழாய்ப் பாதை முழுதும் என்னை நடக்கவைத்துக் காட்டுவார். அவரிடம் கற்றதும், பின்னால் படித்ததும் சேர்த்துச் சொல்கிறேன்.

முதலாவது சரிவு. நீராவி போகும் திசையிலேயே, நூறு மீட்டருக்கு ஒரு மீட்டர் என்ற அளவில் குழாய் இறங்கிச் செல்ல வேண்டும். அப்போது நீரும் நீராவியும் ஒரே பக்கம் போகும், சண்டை வராது.

இரண்டாவது வடிகால். 30 முதல் 50 மீட்டருக்கு ஒன்று, குழாய் மேலே ஏறும் ஒவ்வோர் இடத்துக்கும் முன்னால் ஒன்று, ஒவ்வொரு கட்டுப்பாட்டு வால்வுக்கும் முன்னால் ஒன்று, கோடியில் ஒன்று. வடிகால் என்றால் குழாயின் அடியில் அரை அங்குல ஓட்டை போடுவது அல்ல. வேகமாக ஓடும் நீர் சிறு ஓட்டையைத் தாண்டிப் போய்விடும். 4 அங்குலக் குழாய்க்கு 4 அங்குல டீ வைத்து, கீழே ஒரு கிணறு போல விட வேண்டும். நீர் அதில் விழும். அதன் பக்கவாட்டிலிருந்து டிராப்புக்கு எடுக்க வேண்டும். அடியில் துருவும் கசடும் தங்கும்.

மூன்றாவது, குழாயின் அளவு குறையும் இடம். இரு பக்கமும் சமமாகக் குறுகும் ரெடியூசர் வைத்தால் அதன் முன்னால் அடியில் நீர் தேங்கும். அடிப்பக்கம் நேராக இருக்கும் ரெடியூசர்தான் வைக்க வேண்டும். ஸ்ட்ரெய்னரையும் அதன் வயிறு கீழே தொங்கும்படி வைக்காமல் பக்கவாட்டில் படுக்கவைக்க வேண்டும். இல்லையேல் அந்த வயிறே ஒரு குட்டை.

நான்காவது கிளைக் குழாய். மெயினின் மேற்புறத்திலிருந்துதான் எடுக்க வேண்டும். உலர்ந்த நீராவி மேலேதான் ஓடும். அடியிலிருந்து எடுத்தால் இயந்திரத்துக்கு நீரைத்தான் அனுப்புவோம்.

ஐந்தாவது தாங்கிகள். இரண்டு தாங்கிகளுக்கு இடையே குழாய் தொய்ந்தால் அங்கே நீர் நிற்கும். புதிதாகப் போட்டபோது சரியாக இருந்த குழாய், பத்து வருடத்தில் ஒரு தாங்கி கழன்றதால் தொய்ந்திருக்கலாம். வருடம் ஒரு முறையாவது அண்ணாந்து பார்த்துக்கொண்டே குழாய்ப் பாதை முழுதும் நடக்க வேண்டும்.

டிராப் என்னும் வாயிற்காவலன்

நீரை வெளியே விட வேண்டும். நீராவியை விடக் கூடாது. இந்த வேலையைச் செய்யும் சிறு கருவிதான் ஸ்டீம் டிராப். பல வகைகளில் நம் பக்கத்து ஆலைகளில் அதிகம் காண்பவை நான்கு.

தட்டு டிராப்: உள்ளே ஒரே ஒரு எஃகுத் தட்டு. நீர் வந்தால் தட்டைத் தூக்கிக்கொண்டு போகும். நீராவி வந்தால் அதன் வேகத்தால் தட்டுக்குக் கீழே அழுத்தம் குறைந்து, மேலே அழுத்தம் சேர்ந்து, தட்டு டக்கென்று உட்காரும். வாட்டர் ஹாமரைத் தாங்கும்; விலை குறைவு. மெயின் குழாய்களின் வடிகாலுக்கு ஏற்றது.

மிதவை டிராப்: உள்ளே ஒரு பந்து. நீர் ஏற ஏறப் பந்து உயர்ந்து வழி விடும். தொடர்ந்து, வந்த நீரை வந்தபடி வெளியேற்றும். சாய இயந்திரங்கள், ஹீட்டர்களுக்கு இதுவே நல்லது. ஆனால் வாட்டர் ஹாமர் அடித்தால் பந்து நசுங்கிவிடும்.

தலைகீழ் வாளி டிராப்: கவிழ்த்த வாளி ஒன்று நீராவியால் மிதந்து வழியை அடைக்கும், நீரால் அமிழ்ந்து வழி திறக்கும். முரட்டு உழைப்பாளி. உள்ளே எப்போதும் கொஞ்சம் நீர் இருக்க வேண்டும். அது போய்விட்டால் நீராவி தப்பிக்கும்.

வெப்ப டிராப்: சூட்டைப் பார்த்துத் திறந்து மூடுவது. நீர் சற்று ஆறிய பிறகே விடும். காற்றை வெளியேற்றுவதற்கும், சிறு குழாய்களுக்கும் ஏற்றது. நீர் உடனே போக வேண்டிய இயந்திரத்துக்கு ஏற்றதல்ல.

காற்று என்று சொன்னேன் அல்லவா? ஆறிய குழாயில் காற்று நிறைந்திருக்கும். அதை வெளியேற்றாவிட்டால் கேஜ் நம்மை ஏமாற்றும். கேஜ் 3 கிலோ காட்டும்போது உள்ளே தூய நீராவி இருந்தால் 143 டிகிரி. அதில் கால் பங்கு காற்று கலந்திருந்தால் வெப்பநிலை 133 தான். "அழுத்தம் சரியாக இருக்கிறது, சாயம் ஏன் ஏறவில்லை?" என்று சாய மாஸ்டரும் பாய்லர்காரரும் சண்டை போட்டுக்கொள்வதற்கு இது ஒரு காரணம். நீரும் அப்படியே. வெப்பத்தைக் கடத்துவதில் இரும்பு நீரைவிடச் சுமார் 80 மடங்கு வல்லது. 1 மில்லிமீட்டர் நீர்ப்படலம் 80 மில்லிமீட்டர் இரும்புச் சுவருக்குச் சமமான தடை. காற்றுப் படலமோ நீரைவிட இருபது மடங்குக்கு மேல் மோசம்.

டிராப் கெட்டால் இரண்டு விதமாகக் கெடும். மூடியபடி அடைத்துக்கொண்டால் நீர் தேங்கும். டிராப் தொட முடியும் அளவுக்கு ஆறிக் கிடக்கும். இதைச் சீக்கிரம் கண்டுபிடித்துவிடுவார்கள், ஏனென்றால் உற்பத்தி நிற்கும். திறந்தபடி நின்றுவிட்டால் இயந்திரம் நன்றாகவே ஓடும். யாரும் கவலைப்பட மாட்டார்கள். ஆனால் 7 கிலோ அழுத்தத்தில் 3 மில்லிமீட்டர் துளை மணிக்கு 20 கிலோவுக்கு மேல் நீராவியை விடும். 20 என்றே வைத்துக்கொண்டாலும் நாளுக்கு 480 கிலோ. 300 நாளில் 144 டன். 1 கிலோ நிலக்கரிக்கு 6 கிலோ நீராவி என்று கொண்டால் 24 டன் நிலக்கரி, ஒரே ஒரு டிராப்பில்!

எப்படிக் கண்டுபிடிப்பது? இன்று அல்ட்ராசோனிக் கருவியும், தொடாமல் வெப்பநிலை அளக்கும் கருவியும் உள்ளன. அண்ணனிடம் இருந்தது ஒரு நீண்ட ஸ்க்ரூ டிரைவர். நுனியை டிராப்பின் மேல் வைத்து, பிடியைக் காதோடு வைத்துக்கொள்வார். தட்டு டிராப் நலமாக இருந்தால் விட்டுவிட்டு டக், டக் என்று கேட்கும். ஓயாமல் படபடவென்றோ உஸ் என்றோ கேட்டால் தேய்ந்துவிட்டது. சத்தமே இல்லாமல் ஆறியும் கிடந்தால் அடைத்துக்கொண்டது. எனக்கும் அப்படித்தான் பழகிற்று.

ஒருவருக்கு ஒரு டிராப்

துணி உலர்த்தும் சிலிண்டர்கள் வரிசையாக இருக்கும். செலவைக் குறைக்க எல்லாவற்றின் நீரையும் ஒரே குழாயில் சேர்த்து ஒரு பெரிய டிராப் வைப்பார்கள். தவறு. ஈரத் துணி முதலில் தொடும் சிலிண்டர் அதிக நீராவியை இழுக்கும். அதனுள் அழுத்தம் குறையும். கடைசிச் சிலிண்டரில் அழுத்தம் அதிகமாக இருக்கும். எல்லாம் ஒரே குழாயில் சேர்ந்தால், அழுத்தம் அதிகமுள்ளது மற்றதன் வாயை அடைத்துவிடும். எங்கே நீர் அதிகமோ அங்கேதான் வடியாது. ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனி டிராப் என்பதே விதி.

சுழலும் சிலிண்டரில் இன்னொரு சிக்கல். அடியில் சேரும் நீரை உள்ளே உள்ள உறிஞ்சு குழாய் வழியாக மேலே எடுத்து வெளியே கொண்டுவர வேண்டும். அந்தக் குழாயைச் சுற்றி எங்கும் நீராவி. குழாய்க்குள் கொஞ்சம் நீராவி சிக்கிக்கொண்டால் டிராப் மூடிக்கொள்ளும். சுற்றிலும் சூடாக இருப்பதால் சிக்கிய நீராவி ஆறவும் ஆறாது. அதற்குள் சிலிண்டரில் நீர் ஏறிவிடும்; துணி திட்டுத்திட்டாக உலரும்; மோட்டாரும் திணறும். இதற்கென்றே சிக்கிய நீராவியைச் சிறிது சிறிதாகக் கசியவிடும் ஊசி வால்வு பொருத்திய மிதவை டிராப் உண்டு. அதைத்தான் வைக்க வேண்டும்.

தானியங்கி வால்வு உள்ள இயந்திரங்களில் மூன்றாவது சிக்கல். தேவையான சூடு வந்ததும் வால்வு நீராவியைக் குறைக்கும்; உள்ளே அழுத்தம் இறங்கும். டிராப்புக்குப் பின்னால் நீரை மேலே ஏற்றும் குழாய் இருந்தால், 10 மீட்டர் உயரத்துக்கு ஒரு கிலோ அழுத்தம் என்ற கணக்கில் எதிர்ப்பு இருக்கும். உள்ளே அழுத்தம் அதைவிடக் குறைந்தால் நீர் எப்படி வெளியேறும்? நின்றுவிடும். அடுத்த முறை வால்வு திறக்கும்போது நீராவி அந்த நீரில் மோதும். இயந்திரத்திலிருந்து நீர் தானாகக் கீழே வடிந்து ஒரு தொட்டியில் சேர்ந்து, அங்கிருந்து பம்பு மூலம் போவதே சரியான முறை.

சாக்கடையில் ஓடும் பணம்

வெளியேறும் கண்டன்சேட்டை வெறும் சுடுதண்ணீர் என்று நினைத்துச் சாக்கடையில் விடும் ஆலைகளைப் பார்த்திருக்கிறேன். அது ஏற்கெனவே சுத்திகரிக்கப்பட்ட, உப்பு இல்லாத நீர். பாய்லருக்குள் செல்லும் நீர் 6 டிகிரி கூடுதலாகச் சூடாக இருந்தால் எரிபொருளில் ஒரு சதவீதம் மிச்சம் என்பது நடைமுறைக் கணக்கு. 30 டிகிரி நீருக்குப் பதில் 90 டிகிரி நீர் போனால் பத்து சதவீதம். பாய்லர் குழாய்களில் படிவம் குறையும். அடிக்கடி நீரைக் கழித்துவிட வேண்டியதில்லை.

7 கிலோ அழுத்தத்தில் 170 டிகிரியில் உள்ள நீர் டிராப்பைத் தாண்டி வெளிக்காற்றுக்கு வந்ததும் 100 டிகிரிக்கு மேல் நீராக இருக்க முடியாது. எடையில் சுமார் 13 சதவீதம் மறுபடி ஆவியாகிவிடும். இதை ஃபிளாஷ் ஸ்டீம் என்பார்கள். டிராப் வாயில் புகை வந்தாலே கெட்டுவிட்டது என்று முடிவு கட்டக் கூடாது. இந்த ஆவியையும் ஒரு பாத்திரத்தில் பிடித்துக் குறைந்த அழுத்த வேலைக்குப் பயன்படுத்தலாம். திரும்பும் குழாயில் இந்த ஆவிக்கும் இடம் வேண்டும் என்பதால், அதை வெறும் தண்ணீர்க் குழாயாகக் கணக்கிட்டுச் சிறியதாகப் போடக் கூடாது.

லைன் திறக்கும் முறை

வாபித் தம்பி இதை மட்டுமாவது எழுதி அறையில் ஒட்டிக்கொள்ள வேண்டும்.

1. எல்லா டிரெயின் வால்வுகளையும் திறந்து, நின்ற நீர் முழுதும் வடிந்துவிட்டதா என்று பார்க்க வேண்டும். திறக்காத வால்வு ஒன்று இருந்தாலும் அடுத்த வேலைக்குப் போகக் கூடாது.

2. டிரெயின் திறந்தவர் திரும்பி வந்து, நேரில், வாயால் சொல்ல வேண்டும். குழாய் அருகே ஆள் இல்லை என்பதையும் அப்போது உறுதி செய்துகொள்ள வேண்டும்.

3. மெயின் வால்வைச் சுற்றியுள்ள சிறு பைபாஸ் வால்வு இருந்தால் அதை முதலில் திறக்க வேண்டும். இல்லையென்றால் மெயின் வால்வை ஒரு மயிரிழை மட்டும் திறந்து நிறுத்த வேண்டும்.

4. டிரெயின்களில் முதலில் காற்று, பிறகு நீர், கடைசியில் உலர்ந்த நீராவி வரும். நீராவி வந்த பிறகே டிரெயினை மூடி, டிராப்பிடம் பொறுப்பை விட வேண்டும்.

5. அழுத்தம் நிலையான பின் மெயின் வால்வை மெல்ல மெல்ல முழுதும் திறக்க வேண்டும்.

6. டம் என்று ஒரு சத்தம் கேட்டால் உடனே வால்வை மூட வேண்டும். "எப்பவும் அப்படித்தான்" என்ற பேச்சுக்கு இடமில்லை.

1863-ல் கல்கத்தாவில் நடந்த பாய்லர் வெடிவிபத்தில் பலர் இறந்த பிறகே, 1864-ல் வங்காளத்தில் பாய்லர் சோதனைக்கு முதல் சட்டம் வந்தது. நாடு முழுமைக்குமான சட்டம் 1923-ல் வந்தது, அது 3.5 கிலோவுக்கு மேற்பட்ட அழுத்தமுள்ள நீராவிக் குழாய்களையும் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. 2025-ல் நாடாளுமன்றம் புதிய பாய்லர் சட்டம் நிறைவேற்றியது. சட்டம் வந்து சோதித்துவிட்டுப் போகும். ஆனால் தினமும் காலையில் வால்வின் மேல் இருப்பது நம் கைதான்.

பிள்ளைகளுக்கு மூன்று கேள்விகள்

1. இட்லிப் பானை மூடியை ஏன் சாய்த்து எடுக்கிறோம்? குழாயில் இதற்குச் சமமான அமைப்பு எது?

2. 200 மீட்டர் நீளமுள்ள அதே 4 அங்குலக் குழாயைச் சூடாக்கும்போது எவ்வளவு நீர் உண்டாகும்?

3. கேஜ் சரியாகக் காட்டியும் வெப்பநிலை குறைவாக இருந்தால் குழாயில் என்ன கலந்திருக்கிறது?

முடிக்கும் முன்

அண்ணன் சில வருடங்களுக்கு முன் மேட்டூரில் காலமானார். அதற்கு முந்தைய வருடம் ஊருக்குப் போனபோது அவரைப் பார்த்தேன். திண்ணையில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தபோது, "அண்ணே, அன்னைக்கு காஸ்கெட்டுன்னு ஏன் சொன்னீங்க?" என்று கேட்டுவிட்டேன். முப்பது வருடம் கேட்காத கேள்வி.

"உனக்கு வேலை போயிருக்கும். கல்யாணம் வேற வச்சிருந்தாங்க. அதுவுமில்லாம, நீ மறுபடியும் அப்படித் திறக்க மாட்டேன்னு எனக்குத் தெரியும்" என்றார். பிறகு மடங்காத அந்த இரண்டு விரல்களோடு காபித் தம்ளரை எடுத்துக் கொடுத்தார்.

அவர் சொன்னது உண்மைதான். அதன் பிறகு பணியிலிருந்து ஓய்வு பெறும்வரை, டிரெயின் திறந்தவர் என் முன்னால் வந்து நின்று சொல்லாமல் நான் ஒரு வால்வையும் திறந்ததில்லை. எத்தனையோ முகூர்த்தங்கள் தவறியிருக்கின்றன. திட்டும் வாங்கியிருக்கிறேன். ஆனால் பதிவேட்டில் இருக்கும் அந்த ஒரு வரி பொய்யாகவே இருக்கிறது. அதை இந்த மலரிலாவது திருத்தி எழுத வேண்டும் என்று தோன்றியது. காஸ்கெட் காரணம் அல்ல. வால்வை அவசரமாகத் திறந்த நான்தான் காரணம்.

வாபித் தம்பிக்கு: நாளைக் காலை அந்த ஆபரேட்டரோடு சேர்ந்து குழாய்ப் பாதை முழுதும் ஒருமுறை நடந்து பாருங்கள். தொய்ந்த இடமோ, இறுகிப்போன டிரெயின் வால்வோ, ஆறிக் கிடக்கும் டிராப்போ கட்டாயம் கண்ணில் படும். அதைச் சரிசெய்துவிட்டு அடுத்த பொங்கலுக்கு வந்து சொல்லுங்கள். நாம் பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுவோம்.